ட்ரான்சிஸ்டருக்கு ஜாதகம் பார்க்கும் பெட்டி

நம்ம வீடுகளில் 'ட்ரான்சிஸ்டர்' என்றால் ரேடியோதான். "அந்த ட்ரான்சிஸ்டரை எடுத்துட்டு வாடா" என்று தாத்தா குரல் கொடுத்தால் தோல் உறை போட்ட பெட்டி திண்ணைக்கு வரும், இலங்கை வானொலி பாடும். அந்தப் பெட்டிக்குள்ளே மூன்று கால்களோடு ஆறோ ஏழோ எட்டோ நிற்குமே, அந்தக் குட்டிப் பொருளின் பேர்தான் ட்ரான்சிஸ்டர். பேர் அதற்கு, பாட்டு கேட்ட புகழ் பெட்டிக்கு. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், கொஞ்சம் கழித்துப் பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நான் இருக்கும் சந்தாபுராவைப் பற்றி, துபாயிலும் டொரன்டோவிலும் இருக்கும் நம்ம மக்களுக்காக ஒரு வரி. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி, அதைத் தாண்டினால் பொம்மசந்திரா தொழிற்பேட்டை, அதையும் தாண்டினால் சந்தாபுரா. ஆனேக்கல் போக இங்கேதான் திரும்ப வேண்டும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, அதனால் நாங்களும் இப்போது 'சிட்டி'க்காரர்கள் :-). டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். சுற்றுவட்டாரம் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள். அந்தப் பட்டறைகளில் ஒன்றில்தான் இந்தப் பதிவின் கதாநாயகனைப் பார்த்தேன். அது ஒரு ஆஸிலோஸ்கோப்பின் உள்ளே சொருகும் பெட்டி. 'ப்ளக்-இன்' என்பார்கள்.

கதை 1947 டிசம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பெல் லேப்ஸில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் முதல் ட்ரான்சிஸ்டரை வேலை செய்யவைத்தார்கள். அவர்களுக்கும் வில்லியம் ஷாக்லிக்கும் 1956-ல் நோபல் பரிசு. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் வந்துவிட்டது. புத்தகத்தில் வராதது, அந்த ஆரம்பகால ட்ரான்சிஸ்டர்கள் ஒன்றைப்போல ஒன்று இருந்ததில்லை என்பது. ஒரே தட்டில் வெந்த இட்லியில் ஒன்று கல்லாகவும் ஒன்று குழைந்தும் இருந்தால் எப்படி, அப்படி. ஒன்று சிக்னலை இருபது மடங்கு பெருக்கும், பக்கத்தில் இருப்பது எண்பது மடங்கு பெருக்கும், மூன்றாவது சும்மா இருக்கும்போதே மின்சாரத்தை ஒழுகவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஆகவே ட்ரான்சிஸ்டர் செய்வது ஒரு தொழில் என்றால், செய்ததைப் பிரித்துப் பார்ப்பது அதற்குச் சமமான இன்னொரு தொழிலாக வளர்ந்தது.

இந்த இரண்டாவது தொழிலில் பெரும் பேர் வாங்கியது டெக்ட்ரானிக்ஸ். ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் இருவரும் நண்பர்களோடு சேர்ந்து 1946-ல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் தொடங்கிய கம்பெனி. மறுவருடம் வந்த 511 என்ற ஆஸிலோஸ்கோப்பின் விலை 795 டாலர். ஆஸிலோஸ்கோப் என்றால் வேறொன்றுமில்லை, மின்சாரம் நொடிக்கு நொடி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு திரையில் ஓடுமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

1954-ல் அவர்கள் செய்ததுதான் என் போன்ற கணக்குக்காரனுக்குப் பிடித்த காரியம். 535 போன்ற மாடல்களில் முன்பக்கத்தில் ஒரு இழுப்பறை அளவுக்கு ஓட்டை விட்டார்கள். திரை, பவர் சப்ளை போன்ற விலை உயர்ந்த பாகமெல்லாம் தாய்ப்பெட்டியில். எதை அளக்க வேண்டுமோ அதற்கான சர்க்யூட் மட்டும் தனிப் பெட்டியாக, சொருகினால் வேலை செய்யும், உருவினால் வேறொன்றைச் சொருகலாம். ஏ, பி, சி, டி என்று இசட் வரை எழுத்துகளால் பேர் வைத்துக்கொண்டே போனார்கள். வங்கிப் பாஷையில் சொன்னால், கரன்ட் அக்கவுண்ட் ஒன்றுதான். அதற்கு மேல் ஓ.டி. வேண்டுமா, எல்.சி. வேண்டுமா, பேங்க் கியாரண்டி வேண்டுமா, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார் என்ற நன்மை நமக்கும் உண்டு. அதை அவர்களும் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்த எழுத்து வரிசையில் இரண்டு பெட்டிகள் நம் விஷயத்துக்குரியவை. 'ஆர்' என்பது ட்ரான்சிஸ்டரின் வேகத்தைப் பார்க்க. ட்ரான்சிஸ்டரை ஒரு கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். 'திற' என்று சொன்ன பிறகு திறக்க எவ்வளவு நேரம், 'மூடு' என்ற பிறகு மூட எவ்வளவு நேரம் என்று அளக்கும். கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு இதுதான் உயிர். 'எஸ்' என்பது டயோடுக்கு. டயோடு ஒரு ஒன்வே ரோடு. ஆனால் திசை மாறிய கணத்தில் உடனே அடைத்துக்கொள்ளாது, கொஞ்ச நேரம் தப்பான திசையிலும் மின்சாரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். சில்க் போர்டு சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகும் நாலு வண்டி புகுந்து போகுமே, அதே. அந்த நாலு வண்டியை எண்ணுவதுதான் 'எஸ்' பெட்டியின் வேலை.

1957-ல் டெக்ட்ரானிக்ஸ் 575 என்று தனி இயந்திரமே கொண்டுவந்தது. பேர் 'கர்வ் ட்ரேசர்'. இது ட்ரான்சிஸ்டரின் வேகத்தைப் பார்ப்பதில்லை, குணத்தைப் பார்க்கிறது. கலெக்டர் காலுக்கு வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி மறுபடி பூஜ்யத்துக்கு இறக்கும், இதற்கு வீட்டு மின்சாரத்தின் அலையையே பயன்படுத்திக்கொண்டார்கள். நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை. அதே சமயம் பேஸ் காலுக்குப் படிக்கட்டு மாதிரி, ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று சிறு மின்னோட்டம் கொடுக்கும். ஒவ்வொரு படிக்கும் திரையில் ஒரு கோடு. எல்லாம் சேர்ந்து அடியிலிருந்து கிளம்பி, முழங்கால் மாதிரி மடங்கி, வலப்பக்கம் நீண்டு ஓடும் ஒரு கோட்டுக் குடும்பம். கோடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமென்றால் பெருக்கும் சக்தி அதிகம். இடைவெளி சமமாக இருந்தால் பாட்டு சுத்தமாகக் கேட்கும், நெருங்கியும் விலகியும் இருந்தால் பாட்டு கரகரக்கும். வலப்பக்கம் கோடு திடீரென்று மேலே பாய்ந்தால், அதற்கு மேல் வோல்டேஜ் தாங்காது. ஒரு ட்ரான்சிஸ்டரின் ஜாதகம் முழுக்க ஒரே கட்டத்தில்! நம்ம ஜோசியர்கள் இவ்வளவு நேர்மையாகப் படம் போட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

சரி, 575 தனி இயந்திரம், பெரிய விலை, பெரிய எடை. 1969-ல் அதற்குத் தம்பியாக 576 வந்தது, அது இன்னும் பெரிய ஆள். அதே 1969-ல் 7000 வரிசை ஆஸிலோஸ்கோப்புகளும் வந்தன. மூன்று அல்லது நான்கு இழுப்பறைகள். ஒரு டிவிஷனுக்கு எத்தனை வோல்ட் என்ற விவரத்தை எழுத்தாகத் திரையிலேயே காட்டுவதுதான் அதன் புதுமை. அந்த எழுத்து காட்டும் ஐ.சி.க்களை வடிவமைத்தவர் பேரி கில்பர்ட் என்ற ஆங்கிலேயர். இன்று செல்போன் ரேடியோ சர்க்யூட்டுகளில் 'கில்பர்ட் செல்' என்று இருக்கிறதே, அவர்தான். 2020-ல் காலமானார்.

1970-களில் இந்த 7000 வரிசைக்கென்று வந்த கர்வ் ட்ரேசர் ப்ளக்-இன்தான் 7சி.டி.1என். அந்த 576 செய்வதைச் சின்ன அளவில், ஒரே ஒரு இழுப்பறைக்குள் செய்யும். சோதிக்கும் பொருளுக்கு அரை வாட் அளவுக்குத்தான் சக்தி கொடுக்க முடியும், ஆக ரேடியோ, ஆம்ப்ளிஃபயரின் முன்பகுதியில் வரும் சின்ன ட்ரான்சிஸ்டர்களுக்குப் போதும். படுக்கை அச்சுக்கு இன்னொரு ப்ளக்-இன் வேண்டும், முகப்பிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருக வேண்டும். பேரின் கடைசியில் இருக்கும் 'என்' எதற்கென்றால், திரையில் எழுத்து காட்டும் வசதி இந்தப் பெட்டிக்குக் கிடையாது என்பதற்கு. விலையைக் குறைக்க எதை விட்டோம் என்பதைப் பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் இன்சூரன்ஸ் பாலிசிகளில் இது எட்டாவது பக்கத்தில் பொடி எழுத்தில் வரும். 5000 வரிசைக்கு 5சி.டி.1என் என்று இதன் உடன்பிறப்பும் உண்டு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பெங்களூரின் இன்னொரு மூலையில், ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ். (திருச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் 'பெல்' வேறு, இந்த 'பெல்' வேறு.) ராணுவத்துக்கான மின்னணுக் கருவிகளுக்காக 1954-ல் தொடங்கியது. 1961-ல் ரேடியோ வால்வுகள், 1962-ல் ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள், 1967-ல் சிலிக்கான் பொருட்களும் ஐ.சி.க்களும் என்று அடுத்தடுத்து உற்பத்தி. டெல்லியில் 1964-ல் கான்டினென்டல் டிவைஸ் வந்தது. அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக்குகளிடம் ஏ.சி.128, ஏ.சி.187, ஏ.சி.188 என்று சொல்லிப் பாருங்கள், கண்ணில் ஒளி வரும்.

ஜெர்மானியத்துக்கு ஒரு கெட்ட குணம், வெயில் ஆகாது. சூடு சுமார் பத்து டிகிரி ஏறினால் ஒழுகும் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். ஒழுகினால் இன்னும் சூடாகும், சூடானால் இன்னும் ஒழுகும், கடைசியில் கருகும். ஐரோப்பாவில் எழுதிய டேட்டா ஷீட் 25 டிகிரிக்கு எழுதியது. திருநெல்வேலி அக்னி நட்சத்திரத்துக்கு யாரும் எழுதவில்லை. கர்வ் ட்ரேசரில் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரியும். பேஸில் ஒன்றுமே கொடுக்காதபோது தரையோடு படுத்திருக்க வேண்டிய அடிக்கோடு, லேசாகச் சூடு காட்டியதும் தானாக மேலே எழும்பும்.

சிலிக்கான் வந்த பிறகு ஒழுகல் குறைந்தது. ஆனால் 'ஒரே நம்பர், வேறு வேறு குணம்' என்ற சிக்கல் தீரவில்லை. பி.சி.148 என்று ஒன்று, பெல் முத்திரையோடு நம் ரேடியோ, டேப் ரெக்கார்டரிலெல்லாம் இருந்தது. அதில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. ஏ என்றால் பெருக்கம் 125 முதல் 260 வரை, பி 240 முதல் 500, சி 450 முதல் 900. எழுத்து அழிந்துபோன பி.சி.148 ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 'இது நல்லதா' என்று கேட்டால் பதில் 125-லும் இருக்கலாம், 900-லும் இருக்கலாம். மல்டிமீட்டர் 'சாகவில்லை' என்று மட்டும் சொல்லும். உயிரோடு இருக்கிறார் என்பதும் கடன் கொடுக்கலாம் என்பதும் ஒன்றா?

வெளிநாட்டுக் கருவி வாங்குவது அன்று லேசான காரியமில்லை. 1991 வரை இறக்குமதி லைசென்ஸ், அந்நியச் செலாவணி அனுமதி என்று ஃபைல் நடக்க வேண்டும். ஒரு தாய்ப்பெட்டி வாங்கிவிட்டு, தேவைப்படும்போது ப்ளக்-இன் சேர்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு இப்படிப்பட்ட நாட்டுக்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மவர்களும் சும்மா இல்லை. இந்தோரில் சயின்டிஃபிக் மெஸ்-டெக்னிக், ஜெர்மனியின் ஹாமெக் கம்பெனியோடு சேர்ந்து ஹெச்.எம்.203 ஆஸிலோஸ்கோப்புகளை இங்கேயே செய்தது. அதில் 'காம்பொனென்ட் டெஸ்டர்' என்று ஒரு பட்டன். ப்ளக்-இன் எல்லாம் கிடையாது, இரண்டு ஒயரைப் பொருளின் இரண்டு காலில் வைத்தால் ஒரே ஒரு கோடு வரும். படிக்கட்டு இல்லாத ஏழையின் கர்வ் ட்ரேசர். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ் லேபில் படித்தவர்கள் பலர் அந்தப் பட்டனைப் பார்த்திருப்பீர்கள், அமுக்கியிருக்க மாட்டீர்கள் :-)

எலெக்ட்ரானிக் சிட்டி எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். கியோனிக்ஸ் என்ற கர்நாடக அரசு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆர்.கே.பாலிகாவின் கனவு அது. கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர், 1970-களின் இறுதியில். பேரைக் கவனியுங்கள், சாஃப்ட்வேர் சிட்டி இல்லை, எலெக்ட்ரானிக் சிட்டி. சால்டரிங் வாசனை வரும் ஊராகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். இன்று அங்கே காலையில் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ட்ரான்சிஸ்டரைக் கையால் தொட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, எங்கள் கிளையின் வீட்டுக்கடன் எல்லாம் அவர்கள் தயவில்தான் ஓடுகிறது. ஆனாலும் அந்த 332 ஏக்கரின் பேருக்கு உரிய வேலை இப்போது பொம்மசந்திரா, ஜிகனி பக்கத்துச் சின்ன ஷெட்டுகளில்தான் அதிகம் நடக்கிறது என்பது என் கட்சி.

முதலில் தள்ளிப்போட்ட கேள்விக்கு இங்கே பதில். ஆபீஸ் ஆணிகளில் ஒன்று, கடன் கேட்பவரின் ஷெட்டுக்குப் போய் இயந்திரங்களைப் பார்த்து மதிப்புப் போடுவது. அப்படிப் போன இடம் ஒரு ஓசூர்க்காரருடையது. சி.என்.சி. லேத்துகளின் பழைய கன்ட்ரோல் போர்டுகளை ரிப்பேர் செய்கிறார். போர்டு செய்த கம்பெனி 'இந்த மாடலை நிறுத்தியாச்சு, புது மெஷின் வாங்கிக்கோ' என்று கைவிரித்தது எல்லாம் இவரிடம் வரும். ஒரு போர்டு நின்றால் எங்கோ ஒரு ஷெட்டில் எட்டுப் பேருக்கு அன்றைக்கு வேலையில்லை. மூலையில் ஒரு 7603, அதன் இழுப்பறையில் 7சி.டி.1என். பெங்களூரில் பழைய எலெக்ட்ரானிக்ஸுக்குப் பேர்போன எஸ்.பி.ரோட்டில், எடைக்குப் போக இருந்ததை வாங்கி வந்தாராம்.

"இது எதுக்குண்ணே?" என்றேன்.

ஒரே நம்பர் போட்ட இரண்டு ட்ரான்சிஸ்டரை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகிக் காட்டினார். முதலில் ஒன்பது கோடுகள் விசிறி மாதிரி விரிந்தன. அடுத்ததில் அதே ஒன்பது கோடுகள் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"மேல எழுதியிருக்கறது ஒண்ணுதான் சார். உள்ள இருக்கறது ஒண்ணு இல்ல. ரெண்டாவதை வச்சா போர்டு ஓடும். மத்தியானம் சூடேறினதும் நின்னுரும். அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க."

போலிச் சரக்குதான் இன்றைக்கு அவருடைய பெரிய தலைவலி. 2என்3055 என்ற பவர் ட்ரான்சிஸ்டர் பிரசித்தம். 15 ஆம்பியர், 115 வாட் தாங்க வேண்டும். மூடியைப் பெயர்த்தால் உள்ளே இருக்க வேண்டியதைவிடச் சின்னச் சில்லு உட்கார்ந்திருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. அரை வாட் ப்ளக்-இன் இதைக் கண்டுபிடிக்குமா? பாதிதான். எத்தனை வோல்ட் தாங்கும், சின்ன மின்னோட்டத்தில் எப்படிப் பெருக்கும் என்று சொல்லும். பத்து ஆம்பியரில் என்ன ஆகும் என்று சொல்லாது. அதற்கு 576 மாதிரிப் பெரிய ஆள் வேண்டும். ஐயாயிரம் ரூபாய் நகைக்கடனை ஒழுங்காகக் கட்டியவர் ஐம்பது லட்சத்தைக் கட்டுவாரா என்பது எங்களுக்கும் இதே சிக்கல்தான்.

மதிப்புப் போடும் வேலைக்கு வருவோம். வருமானவரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம், குறைந்துகொண்டே போகும் மதிப்பின் மேல். ஒரு லட்சம் ரூபாய்க் கருவி இருபது வருடத்தில் 3,876 ரூபாய் ஆகும். ஐம்பது வருடத்தில் 30 ரூபாய். ஒரு மசாலா தோசைகூட வராது. இவரிடம் பில்லும் இல்லை. ஆக எங்கள் பட்டியலில் அந்த வரி 'பழைய ஆஸிலோஸ்கோப் - 1, மதிப்பு இல்லை' என்றுதான் போனது, சட்டப்படி வேறு வழியில்லை. கடன், அவருடைய ஆர்டர்களையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் வைத்துக் கிடைத்தது. ஆனால் அந்த ஆர்டர்கள் அவரிடம் வருவதற்குக் காரணமே அந்த முப்பது ரூபாய்ப் பெட்டிதான். பத்து லட்சத்துக்கு வாங்கிய புது மெஷின் வரிசையாக நிற்கும் ஷெட்டுகள் சிலவற்றை நான் வாராக்கடனில் எழுதியிருக்கிறேன். தேய்மானம் என்பது செலவைப் பல வருடங்களுக்குப் பங்கு போடும் முறை, கருவி இன்னும் உண்மை சொல்கிறதா என்பதைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. பி.காம். முதல் வருடப் பாடம்தான் இது. பரீட்சைக்குப் படித்தபோது உறைக்கவில்லை, அந்தக் கோடுகளைப் பார்த்தபோது உறைத்தது.

செய்த கம்பெனியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 7000 வரிசை 1990-களின் தொடக்கத்தோடு முடிந்தது. எல்லாம் டிஜிட்டலாகி, அளப்பது எல்லாம் ஒரே சில்லுக்குள் போனபின் இழுப்பறைகளுக்குத் தேவை குறைந்தது. டெக்ட்ரானிக்ஸை 2007-ல் டானஹர் சுமார் 2.8 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2016-ல் அதிலிருந்து பிரிந்த ஃபோர்டிவ் கைக்குப் போய், 2025-ல் அதிலிருந்தும் பிரிந்த ராலியன்ட் கைக்கு வந்திருக்கிறது. தாய்ப்பெட்டி மாறிக்கொண்டே இருக்கிறது, கம்பெனிதான் இப்போது ப்ளக்-இன் :-). பழைய பெட்டிகளைப் பாதுகாக்க ஒரிகனில் ஒரு அருங்காட்சியகமும் நடக்கிறது.

உங்கள் பிள்ளைகள் ஈ.சி.ஈ.யோ ஈ.ஈ.ஈ.யோ படித்தால், காலேஜ் லேபில் அந்தப் பழைய ஹெச்.எம்.203 இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் 'சி.டி.' பட்டனை அமுக்கி, இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்தால் நெட்டுக்கோடு, விலக்கினால் படுக்கைக்கோடு, டயோடை வைத்தால் முழங்கால், கெப்பாசிட்டரை வைத்தால் முட்டை வடிவம். போர்டில் இருக்கும் பொருளைச் சோதிப்பதானால் கரன்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் ஒயரை வைக்க வேண்டும். இதை ஓசூர்க்காரர் இரண்டு முறை சொன்னார், அதனால் நானும் அழுத்திச் சொல்கிறேன்.